கேட் திறக்க அடித்த ஹாரன்

ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஹாரன்தான் என்று சர்க்கார் அளந்து விட்ட பிறகும், ஈரோட்டு ஜவுளி வியாபாரி நாச்சிமுத்து பழைய பழக்கத்தை விடவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, மனைவி பாவாத்தாள் ஓடிவந்து கேட்டைத் திறக்கும்வரை ஹாரனை அடித்துத் தள்ளுவார். தானே இறங்கித் திறந்தால் முதலாளியின் கௌரவம் என்ன ஆவது?

இன்று மதியமும் மிச்சமிருந்த ஹாரனையெல்லாம் அப்படித்தான் தீர்த்தார். சாப்பிட்டு எழுவதற்குள் பாவாத்தாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தால், மேட்டூர் ரோட்டில் ஒரு வண்டியும் நகரவில்லை. ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். சத்தமே வரவில்லை.

இறங்கி ஓடி, முன்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, சம்சாரத்துக்கு நெஞ்சுவலிங்க. உங்க ஹாரனைக் கொஞ்சம் அடிச்சீங்கன்னா வழி விடுவாங்க. என்ன வெலை வேணா சொல்லுங்க!"

"ஒண்ணே ஒண்ணுதானுங்ண்ணா மிச்சம்," என்றான் அவன். "அதையும் அடிச்சுப்போட்டா, எங்கூட்டு கேட்டை யாரு வந்து தொறப்பாங்க?"

பேரத்தில் தோற்றே அறியாத நாச்சிமுத்து திரும்பி வந்து பின்கதவைத் திறந்தார். பாவாத்தாள் மூச்சு வாங்கியபடி அவர் கையைப் பிடித்தாள்.

"நாந்தானுங்க... இன்னுங்கொஞ்சம் வெரசா வந்து தொறந்திருக்கோணும்."