முப்பத்தைந்து நிமிடம்

திரையில் தோட்டத் தொழிலாளர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்களுக்கு நேரேயும் பச்சைக் குறி விழுந்துவிட்டது. எச்சரிக்கை எல்லா ஃபோனுக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. சஞ்சீவனி கதிரையில் சாய்ந்தாள்.

கண்டியில் இருக்கும் அந்தச் சிறிய வானிலை நிலையத்தில் அன்று மதிய வேலை அவளுடையது. சித்திரை வெயிலில் காலை முழுக்க வெந்த மலைகளுக்கு மேலே மேகம் மளமளவென்று எழும்பி, ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டப் பக்கம் ரேடாரில் சிவப்பாகத் திரண்டிருந்தது.

பலத்த இடி மின்னல் வரும், மலையில் நிற்காமல் உடனே இறங்கிக் கட்டடத்துக்குள் போங்கள் என்று அவசர அவசரமாக, தினமும் எழுதுகிறபடியே எழுதியிருந்தாள். மேலதிகாரி டிலானி எட்டிப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "ஹரி, யவன்ன" என்று அனுப்பச் சொன்னார். உடனே அனுப்பிவிட்டாள். அப்போது மணி ஒன்று ஐம்பது.

இரண்டு இருபத்தைந்துக்குத் திரையில், தோட்டத்தின் மூன்றாம் நம்பர் மலைமேல் மின்னல் புள்ளிகள் விழத் தொடங்கின. அவளுடைய அம்மா கொழுந்து பறித்த மலை அது. ஒதுங்க ஒரு கூரைகூட அங்கே கிடையாது.

கங்காணி ராஜலிங்கத்தின் நம்பரை அழுத்தினாள். லைன் இல்லை. மறுபடி அழுத்தினாள். இன்னொரு நம்பர், இன்னொன்று. டவரே விழுந்துவிட்டது போலிருந்தது.

"எறங்கியிருப்பாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "முப்பத்தஞ்சு நிமிஷம் இருந்திச்சே."

புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

நான்கு மணிக்குச் செய்தி வந்தது. மூன்றாம் நம்பர் மலையில் மின்னல் தாக்கி ஒரு பெண் இறந்துவிட்டாள். நான்கு பேர் ஆஸ்பத்திரியில்.

சஞ்சீவனி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்ட்டு வாசலில், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஒரு பெண் நின்றாள். பெயர் வீரம்மா. செத்துப்போனது அவளுடைய தங்கை.

"மிஸ் யாருங்க?"

"கண்டியில இருந்து வர்றேன். எங்கம்மா ஒங்க தோட்டத்துலதான் வேல செஞ்சாங்க."

அதற்குமேல் சஞ்சீவனியால் அடக்க முடியவில்லை. "இடி வரும்னு ஃபோனுக்கு மெசேஜ் வரலியாக்கா?"

"வந்திச்சு. தங்கச்சிதான் எடுத்துப் பார்த்தா."

"பார்த்துமா எறங்கல?" சஞ்சீவனியின் குரல் உயர்ந்துவிட்டது. நடையில் போன நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

வீரம்மா கோபப்படவில்லை. "எல்லாம் சிங்களத்துல இருந்திச்சு மிஸ். கங்காணிகிட்டயும் காட்டினோம், அவருக்கும் வாசிக்கத் தெரியல. ஃபோனுக்குக் காசு போடுற ரீலோட் விளம்பரமா இருக்கும்னு திருப்பி மடியில வச்சிட்டா."

சஞ்சீவனி சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைப் பொத்தினாள். அவளும் அழுகிறாள் என்று கண்டு, வீரம்மா அவள் கையை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதினவங்களுக்குத் தமிழ் தெரியாது போல மிஸ்."