மலிவான கோட்டு

ஜெர்மன் வகுப்பில் இன்று கடைப் பாடம். சாய்வெயில் விழும் மேசையில் விலைச்சீட்டு குத்திய இரண்டு கோட்டுகள் கிடக்கின்றன. விற்பவள் நான், வாங்குபவள் என் ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள். அவள் விரல்கள் விலை கூடியதையே தடவுகின்றன. போன மாதம் துணிக்கடையில் நான் ஆசையாய்த் தடவிய புடவையைப் பிடுங்கி வைத்துவிட்டு, கடையே கேட்க ஒரு வார்த்தை சொன்ன மகராசி. "விலையை ஒப்பிட்டுச் சொல்லுங்க, காரணமும் சொல்லுங்க" என்கிறார் டீச்சர். நான் சாயம்போன கோட்டை நீட்டி, ஜெர்மனில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்: "அதைவிட இது மலிவு. இதையே எடுத்துக்கோங்க, ஏன்னா உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போறதில்ல." பெஞ்சுகளில் சிரிப்பு வெடிக்கிறது. பாடம் படிக்காமல் வந்த அவளும் புரியாமலே கூடவே சிரிக்கிறாள். பிறகு எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவள் முகம் மட்டும் மெல்லச் சுருங்குகிறது. "என்னடி சொன்னே?" "அன்னிக்குக் கடையில நீங்க எனக்குச் சொன்னதுதான், அக்கா."