ஸ்டெப்னியின் ஞாயிற்றுக்கிழமை

சேவியர் வீட்டுக் காரின் டிக்கியில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். மேலே, மடித்துப் பையில் வைத்த ரப்பர் படகு. பலகைக்கு அடியில் ஸ்டெப்னி, அவசரத்துக்கு வைத்திருக்கும் ஐந்தாவது டயர்.

ஞாயிற்றுக்கிழமையானால் படகை ஏரிக்கரையில் இறக்குவார்கள். சேவியர் பம்ப் அடிப்பார். மகள் ரீனா, "அப்பா, நான்தான் முன்னாடி!" என்று குதிப்பாள். சாயங்காலம் நனைந்து திரும்பும் படகிலிருந்து ஏரித் தண்ணீர் இடுக்கு வழியாக ஸ்டெப்னி மேல் சொட்டும்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாரை என் பக்கத்துலயே வந்து நின்னுச்சு" என்று படகு கதை சொல்லும்.

ஸ்டெப்னிக்கு வயிறு எரியும். 'அதுவும் ரப்பர், நானும் ரப்பர். வருஷம் முழுக்கக் காத்தை அடைச்சுக்கிட்டு நான் இங்க கெடக்கேன். வெளிய ஓடுற அந்த நாலுல ஒண்ணாவது பஞ்சர் ஆனாத்தான் என்ன?'

அடுத்த ஞாயிறு, ஏரிக்குப் போகும் வழியில் ஆணி குத்தி முன் டயர் படுத்துவிட்டது. சேவியர் ஸ்டெப்னியை வெளியே உருட்டினார். வெயில் பட்டதும் அதற்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் யாரும் குதிக்கவில்லை.

"ஸ்டெப்னியும் மாட்டியாச்சு. இன்னொண்ணு போச்சுன்னா நடுரோட்டுலதான் நிக்கணும். வீட்டுக்கே திரும்பிடலாம்" என்றார் சேவியர். ரீனா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏறினாள்.

கார் வந்த வழியே ஓடியது. இருட்டு டிக்கிக்குள்ளிருந்து படகு ஆசையாகக் கேட்டது: "அண்ணே, நீங்கதான் வெளிய இருக்கீங்களே, ஏரி தெரியுதா?"

ஸ்டெப்னி வீட்டை நோக்கி உருண்டது.