இருபத்தோராவது புழு

ஜன்னல் வழியே வரும் காலை வெயில் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில் பட்டு மினுங்குகிறது. பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைக்குச் சாதாரணமாக எட்டு நாள் வேண்டும். நாலே நாளில் வேலையை முடிக்கும்படி அதன் மரபணுவை மாற்ற ஆராய்ச்சியாளருக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது. பெட்டியிலுள்ள புழுக்கள் மேல் அதைத் தூவி இன்று நாலாவது நாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறக்கிறார். இலைகளின் மேல் புழுக்கள் விறைத்துக் கிடக்கின்றன, உடம்பெல்லாம் பூஞ்சையின் பச்சைப் பொடி. ஓரத்தில் ஒன்று மட்டும் கறுக் கறுக்கென்று இலையைத் தின்றுகொண்டிருக்கிறது. அவர் முகம் தொங்கிப்போகிறது. "ஒண்ணு தப்பிச்சிருச்சு அண்ணே." ஆய்வுக்கூடத்துக்குப் புழு வளர்த்துக் கொடுக்கும் அண்ணன் தலையைச் சொறிகிறார். "செத்தது எத்தனைன்னு எண்ணிப் பாருங்க மேடம்." இடுக்கியின் நுனி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறது. இருபது. பெட்டியில் போட்டதே இருபதுதான். "அப்ப இது யாரு?" "நேத்து சாயங்காலம் தரையில ஊர்ந்துட்டு இருந்துச்சு. யாராவது மிதிச்சிருவாங்களேன்னு பாவப்பட்டு உள்ள விட்டேன்." ஆராய்ச்சியாளர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், மேசை குலுங்கி, கண்ணாடித் தட்டுகள் கிணுகிணுக்கின்றன. அண்ணன் சிரிக்கவில்லை. கூடையில் துழாவி, இருப்பதிலேயே இளசான இலையை எடுத்து அந்தப் புழுவின் முன்னால் வைக்கிறார். "இன்னும் மூணு நாள் இருக்குடா ராசா. வயிறாரச் சாப்பிடு."