ஒரு நிமிடம் பேசாமல்

சாரைப்பாம்பு சித்ராங்கி, புற்றடி மேடையில் சட்டை உரித்துக் காட்டிப் பிழைப்பவள். குஞ்சுகுளுவான்களுக்கு அங்கே அனுமதி கிடையாது.

ஒருநாள் கொக்கு கேமராவோடு வந்தது. "உங்க வாழ்க்கையை உள்ளபடி காட்டணும்க்கா."

நம்பினாள். இது தானே விரும்பி வந்த தொழில் என்றாள். சிரித்தாள். மேடையில் கிடக்கும் முள்ளைக்கூடப் பொறுக்கிப் போடாத முதலாளி உடும்பைத் திட்டித் தீர்த்தாள். கடைசியில் கொக்கு சொன்னது: "இந்த இடத்தோட சத்தத்தைத் தனியா பதியணும். ஒரு நிமிஷம் பேசாம இருங்கக்கா." இருந்தாள்.

படத்தில் அந்த ஒரு நிமிடம்தான் இருந்தது, அழுகிற புல்லாங்குழலோடு. காடே மூக்கைச் சிந்தியது. அவள் ஆட்டத்துக்குத் தவறாமல் முன்வரிசை பிடிக்கும் நரிதான் அதிகம் அழுதது.

அடுத்த மழைக்கு மீன்கொத்தி வந்தது. "நான் கொக்கு மாதிரி இல்லக்கா."

இந்த முறையாவது சொல்லிவிடலாம் என்று மறுபடி எல்லாம் பேசினாள். அதுவும் கடைசியில் அதே ஒரு நிமிடத்தைக் கேட்டது.

"உங்க சங்காத்தமே வேணாம், மூட்டையைக் கட்டு!" என்று சீறினாள்.

விஷமே இல்லாத சாரையின் அந்தச் சீறல் மட்டும்தான் படத்தில் வந்தது. படத்துக்குப் பெயர், 'நஞ்சு'.