சேர்த்துக் கொடுக்கலாமா?

பெரம்பலூர் டாக்டரிடம் சசிகலா பழைய மருந்துச் சீட்டை நீட்டினாள். அவளும் கணவன் வேல்முருகனும் கீழப்பழுவூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

“எட்டு வயசுப் பொண்ணுக்கு ஆஸ்துமா, சார். அலர்ஜி மாத்திரையோட ஸ்டீராய்டையும் சேர்த்துக் குடுக்கலாங்களா? ரெண்டும் சேர்ந்தா சின்ன ஒடம்பு தாங்காதுன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னது? தாராளமா குடுக்கலாம்.”

“ஸ்டீராய்டை மட்டும் நிறுத்திட்டா?”

“டாக்டரைக் கேக்காம நிறுத்தவே கூடாதும்மா. மூச்சுத்திணறலுக்கு அதுதான் முக்கியம். அலர்ஜி மாத்திரை மட்டும் போதாது.”

சசிகலா கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். “பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம். பொண்ணு வெளியில இருக்காளா? கூப்பிடுங்க.”

“அவ எறந்து இருபது நாளாச்சுங்க,” என்றான் வேல்முருகன். “ஸ்டீராய்டை நிறுத்துனது இவதான். தன்னாலதான் புள்ள போச்சுன்னு சோறு தண்ணி இல்லாமக் கெடக்கா. நீங்க அப்படியில்லன்னு ஒரு வார்த்த சொன்னா நம்புவான்னு கூட்டியாந்தேன், சார்.”

டாக்டர் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“வேணாங்க, சார்,” என்றாள் சசிகலா. “உண்மையத்தான் மொதல்லயே சொல்லிட்டீங்களே.”