உள்பக்கத்துப் பெயர்கள்

முற்றுகையின் நாற்பதாம் நாள், மலைநகரத்தின் மதில்மேல் நெஞ்சுயரத்துக்கு ஓடிய தடுப்புச்சுவர் சரிந்தது. கட்ட வேறு கல் இல்லை. கல்லறைக் கற்களைப் பெயர்த்து வரச் சொன்னான் தளபதி கொராதோ.

"பேரு உள்பக்கம் இருக்கட்டுங்கய்யா" என்றான் கொத்தன் இலாரியோ. "வெளிய வச்சா எதிரி எறியிற கல்லெல்லாம் செத்தவங்க மூஞ்சியிலயே விழும்."

அப்படியே பதித்தான். ஏழு வயதில் காய்ச்சலில் போன அவன் மகள் பியாவின் கல் தெற்கு மதிலுக்குப் போயிற்று.

மறுநாள் காவலுக்கு நிறுத்திய இடத்தில் யாரும் நிற்கவில்லை. கிழவர்களும் பெண்களும்கூடக் கடப்பாரையோடு ஏறிவந்து, தங்கள் வீட்டுப் பெயரைத் தேடிப்பிடித்து அதன் எதிரே நின்றுகொண்டார்கள். அதட்டியும் நகரவில்லை. எதிரி தெற்கே மூன்று முறை ஏறினான், மூன்று முறையும் விழுந்தான்.

கல் பதித்த ஐந்தாம் நாள் கொராதோ தெற்கு மதிலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தான். "வடக்க ஏணி போடுறானுங்க. எல்லாரும் வாங்க!"

"அங்க யாரோட கல்லு?" என்று கேட்டாள் ஒருத்தி.

கொள்ளைநோயில் குடும்பத்தோடு போனவர்களின் கற்கள் அவை. அவற்றின் எதிரே நிற்க ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

கொராதோ தனியாகத்தான் ஓடினான். கொஞ்ச நேரத்தில் வடக்கே அவன் சத்தம் நின்றது. பிறகு முதுகுக்குப் பின்னால், ஊருக்குள்ளிருந்து, படியேறும் காலடிகள் கேட்டன. பியாவின் கல்லெதிரே நின்ற இலாரியோ திரும்பவில்லை. குழந்தையின் கண்ணைப் பொத்துவதுபோல, இரண்டு கைகளாலும் அந்தப் பெயரை மூடிக்கொண்டான்.